தெருமுனை வரைக்கும்தான் ஹெல்மெட்

மாலை ஐந்தரை மணி இருக்கும். திருச்சி மாம்பழச்சாலையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து காவிரிப் பாலத்தை நோக்கிப் போகும் சைக்கிள் கூட்டத்தில் என் மகனும் போனான். ஹெல்மெட் அவனோடுதான் இருந்தது, ஹேண்டில்பாரில் பூக்கூடை மாதிரி ஆடிக்கொண்டு. பத்து நிமிடத்துக்கு முன்புதான் வீட்டு வாசலில் அதை மாட்டி, தாடைக்கடியில் வாரை இழுத்துக் கொக்கி போட்டுக்கொண்டு, "போய்விட்டு வருகிறேன் அப்பா" என்று கிளம்பியிருந்தான்.

அன்றிரவு நான் அவனைத் திட்டவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கால் வைக்கும் இடத்தில் போட்டுக்கொண்டுதான் நானும் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். அவனும் என்னைப் பார்த்திருக்கக்கூடும்.

அவனுக்குப் பதினான்கு வயது. தில்லைநகரில் கணக்கு டியூஷன். போக வர பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாலத்தின் ஓரங்களில் மணல் படிந்திருக்கும், டவுன் பஸ்கள் முழங்கையை உரசுவதுபோலப் போகும், திரும்பும்போது இருட்டிவிடும். என் அக்கா மகள் பதினோராம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் திருவானைக்காவலிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். அந்தச் சைக்கிளோடு ஹெல்மெட் வரவில்லை. அக்கா தனியாக வாங்கிக் கொடுத்தாள். அது மூன்று மாதம் அலமாரியின் மேல்தட்டில் பழைய பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் இரண்டு வீட்டிலுமாகச் செய்து பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட் தேவையா என்ற விவாதம் இதில் இல்லை. வாங்கியாயிற்று, பிள்ளை போடமாட்டேன் என்கிறது, அடுத்து என்ன என்று நிற்பவர்களுக்கானது.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது பயத்தைத்தான். நானும் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விபத்துக் காட்சியைச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினேன். அவன் முழுவதும் பார்த்துவிட்டு, "இது லாரி அப்பா. லாரி ஏறினால் இந்த ஹெல்மெட் என்ன செய்யும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவன் சொன்னது சரி. பயமுறுத்துவதில் உள்ள கோளாறு இதுதான்: பயம் பெரிதாக வேண்டுமென்று நாம் பெரிய விபத்தைத் தேடுகிறோம். பெரிய விபத்துக்குச் சைக்கிள் ஹெல்மெட் செய்யப்படவே இல்லை.

எதற்குச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பியத் தரமான இஎன் 1078-இன்படி, ஹெல்மெட்டுக்குள் ஒரு பொம்மைத் தலையை வைத்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் விழவிடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். உள்ளே இருக்கும் தலைக்கு 250 ஜி-க்கு மேல், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 250 மடங்குக்கு மேல், அதிர்ச்சி போகக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் உயரம் இரண்டு மீட்டர், வரம்பு 300 ஜி. ஒன்றரை மீட்டர் என்பது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனின் தலை ரோட்டிலிருந்து இருக்கும் உயரம், கொஞ்சம் கூடக் குறைய. அதாவது மணலில் சறுக்கி, நாய் குறுக்கே வந்து, வண்ணம் பூசாத வேகத்தடையில் தூக்கிப்போட்டு விழுகிறோமே, அந்த விழுதலுக்குத்தான் இது. புது டிவி வரும் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாக்கோலின் நெருக்கமான உறவுதான் உள்ளே இருப்பதும். அடி விழுந்தால் அது நசுங்கும், நசுங்குவதில் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், மறுபடி பழைய உருவத்துக்கு வராது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்டதை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.

இதை அவனிடம் அப்படியே சொன்னேன், லாரிக்கு இது உதவாது என்பதையும் சேர்த்து. அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "டிஸ்க் பிரேக்கை முன்னால் மட்டும் அழுத்தினால் தலைகுப்புறப் போவோமே, அதற்கு ஆகுமா?" என்று கேட்டான். அவன் வகுப்புப் பையன் ஒருவன் ஓயாமரி பக்கம் அப்படி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனவே பயத்துக்கும் தகவலுக்கும் இடையில் கேட்டால், நான் தகவலுக்கே ஓட்டுப் போடுவேன். ஆனாலும் தகவலைக் கேட்ட பிறகு அவன் போட்டுக்கொண்டானா என்றால், இல்லை. தெருமுனை கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான்.

அடுத்தது கட்டளை. ஹெல்மெட் இல்லையென்றால் சைக்கிள் இல்லை. என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், இந்தக் கட்சி. சட்டத்தைக் காட்டலாம் என்று பார்த்தார்; சைக்கிளுக்குச் சட்டம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கானது. 2019-இல் வந்த திருத்தம் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அதை வகுத்தது, ஆனால் பெடல் மிதிப்பவரை அது தொடவில்லை. ஆகவே வீட்டுக்குள் அவரே சட்டமாக நின்றார்.

அரசே சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. உலகிலேயே முதன்முதலாகச் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். அதற்கு முன் நூற்றுக்கு 31 பேர் போல அணிந்துகொண்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் அது 75 ஆயிற்று. கட்டளைக்கு வலு உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் மெல்பர்னில் அதே காலத்தில் தெருவில் நின்று எண்ணியவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதே வெகுவாகக் குறைந்திருந்தது. ஹெல்மெட்டா சைக்கிளா என்று கேட்டதற்கு நிறையப் பேர் இரண்டும் வேண்டாம் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது, சின்ன அளவில். நான் கண்டிப்பைக் கூட்டிய பத்தாவது நாள், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றான். பஸ்ஸில் போகவில்லை. மேல்வகுப்புப் பையன் ஒருவனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறான். ஓட்டியவனுக்குப் பதினாறு வயது, லைசென்ஸ் இல்லை, இருவர் தலையிலும் ஒன்றும் இல்லை. மணிக்கு பதினைந்து கிலோமீட்டரில் போன பிள்ளையை நானே நாற்பதுக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். (அந்தப் பையனின் பெற்றோருக்கு ஒரு தகவல்: வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.)

கட்டளை பத்து பன்னிரண்டு வயது வரைக்கும் நன்றாக வேலை செய்கிறது. நம் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் அவர்கள் சுற்றுவார்கள். பதின்மூன்றுக்கு மேல் தனியாக நின்று வேலை செய்வதில்லை. வேறொன்றோடு சேர்ந்தால் செய்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பரிசு, பேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதம் போட்டால் புது ஹெட்போன் என்றேன். ஒரு மாதம் போட்டான். ஹெட்போன் வந்தது. இப்போது அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டாதே என்று தனியாக ஒரு சண்டை.

நாம் முதலில் போட வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அதைப் பெரிய மருந்துபோலச் சொல்கிறார்கள். தேநீர்க் கடை நாளுக்குப் பிறகு பக்கத்துத் தெருவுக்குக்கூட நான் ஹெல்மெட் இல்லாமல் போவதில்லை. என்னைப் பார்த்து அவன் மாறவில்லை. என்னிடம் சொல்ல அவனுக்கு இருந்த வாதங்களில் ஒன்று குறைந்தது, அவ்வளவே. மீதி வாதங்களை அவன் இணையத்தில் தேடி வைத்திருந்தான். நெதர்லாந்தில் பெரும்பாலோர் சைக்கிளுக்கு ஹெல்மெட் போடுவதில்லையாம். உண்மைதான். அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது, டவுன் பஸ் அதில் ஏறாது என்றேன். "அப்படியென்றால் தப்பு ரோட்டின் மேல்தானே?" என்றான். அதுவும் உண்மைதான். ரோடு சரியாகும்வரை தலையைப் பார்த்துக்கொள் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இந்தப் பிடிவாதம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. பிழைப்பே சைக்கிள் என்றிருக்கும் பந்தய வீரர்கள் 1991-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் எதிர்த்து நின்றார்கள். வெக்கை, பாரம் என்று காரணம் சொன்னார்கள். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் பின்வாங்கியது. 2003 மார்ச்சில் அதே பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் அந்திரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டே விதி வந்தது. அப்போதும் கடைசி மலையேற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் தில்லைநகர் வெயிலில் மிதிக்கும் பையனிடம் நான் கொஞ்சம் இறங்கித்தான் பேச வேண்டும்.

இறங்கிப் பேசியது இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஏன் போடுவதில்லை என்று மட்டும் சொல், நான் பதிலே பேசமாட்டேன் என்றேன். முதல் காரணம், காளான் மாதிரி இருக்கிறதாம், பையன்கள் சிரிக்கிறார்களாம். இரண்டாவது, போனதும் முடி வியர்வையில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவதுதான் நான் எதிர்பார்க்காதது: டியூஷனில் அதை வைக்க இடமில்லை. மாடிப்படியில் நாற்பது ஜோடிச் செருப்புக்கு நடுவே விட வேண்டும். ஒருநாள் வெளியே வந்தபோது இரண்டு பேர் அதை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளிலேயே மாட்டிவிட்டுப் போனால் மழையில் நனைகிறது; மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆசிரியரே கேலி செய்கிறார். ஆபத்து, விபத்து எதுவும் அந்தத் தாளில் இல்லை, சாதகமாகவும் பாதகமாகவும். கிரிக்கெட்டில் கார்க் பந்துக்குப் போட்டுக்கொள்கிறாயே என்று கேட்க வாய் வந்தது. கேட்டும் விட்டேன். "அங்கே எல்லோரும் போடுகிறார்கள்" என்றான்.

அக்கா மகளின் பட்டியல் வேறு. பள்ளியில் இரட்டைச் சடையை மடித்துக் காதோரம் ரிப்பன் கட்ட வேண்டும்; ஹெல்மெட்டின் பக்கவார் சரியாக அந்த மடிப்பின் மேல் வந்து உட்காருகிறது. கொக்கி போட்டால் சடை இழுக்கிறது, தளர்த்தினால் ஹெல்மெட் பின்னால் சரிகிறது. வைத்த மல்லிகை நசுங்குகிறது. எண்ணெய் பட்டு உள்பஞ்சு நாறுகிறது. வகுப்பில் ஒரு பெண்ணும் போடுவதில்லை. அத்திம்பேர் மூன்று மாதமாக "உயிரைவிட மல்லிகையா பெரிது?" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதினாறு வயதுப் பெண் என்ன பதில் சொல்ல முடியும்? அக்காதான் யோசித்தாள். மடிப்பை இரண்டு விரற்கடை கீழே இறக்கி, காது மடலுக்குக் கீழே ரிப்பன் வருமாறு கட்டினாள். பள்ளியின் விதியும் கெடவில்லை, வாருக்கும் வழி கிடைத்தது. பூவை டிபன் பையில் சின்ன டப்பாவில் வைத்து அனுப்புகிறாள், போய் வைத்துக்கொள்ள. உள்பஞ்சைக் கழற்றி வாரம் ஒருமுறை சீயக்காய் போட்டு அலசுகிறாள். இத்தனையும் செய்த பிறகு, நான்காவது காரணமான "யாரும் போடுவதில்லை" தானாகவே கொஞ்சம் சுருங்கிவிட்டது. மற்றவை இருந்தவரை அது பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

எதை வாங்குவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுவும் சம்மதிக்க வைப்பதில் ஒரு பகுதிதான். வீட்டில் கிடக்கும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையே மாட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அது ஒரு கிலோவுக்கு மேல், காதை மூடுகிறது, மிதிக்கும் உடம்பின் சூட்டுக்கு அதில் வழியே இல்லை. சைக்கிளுக்கானது முந்நூறு கிராம் போலத்தான் இருக்கும். அதில் இரண்டு வகை நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. நிறையத் துளைகளோடு நீளவாக்கில் இருப்பது ஒன்று. காற்று நன்றாகப் போகும், எடை குறைவு, ஆனால் பதின்வயதினர் காளான் என்பது இதைத்தான். உருண்டையாக, துளை குறைவாக, ஸ்கேட்டிங் பையன்கள் போடுவது மற்றொன்று. வியர்க்கும், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் அவர்களுக்குப் பிடிக்கிறது. என் கட்சி முதல் வகை. மகன் எடுத்தது இரண்டாவது, மங்கலான கறுப்பில். திருச்சி வெயிலில் கறுப்பா என்று கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன். அக்கா மகள் முதல் வகையில் ஊதா நிறம் எடுத்தாள். இரண்டுமே ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில்.

எந்த வடிவமானாலும் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். இஎன் 1078 அல்லது அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி என்று இருக்க வேண்டும். பொம்மைக் கடைகளில் முழங்கால் உறையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பிளாஸ்டிக் தொப்பிகள் பலவற்றில் அந்தச் சீட்டே இருப்பதில்லை. போட்டுப் பார்க்கும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் முன்விளிம்பு நிற்க வேண்டும். கொக்கி போட்டபின் தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும். நெற்றி தெரிய ஏற்றிப் போடுவதுதான் இப்போதைய மோஸ்தர், அப்படிப் போட்டால் முன்னால் விழும்போது நெற்றிக்குக் காவல் இல்லை. தலை திரும்பும் அதிர்ச்சியைக் குறைக்க ஸ்வீடனில் கண்டுபிடித்த, உள்ளே நழுவும் ஒரு தனி அடுக்கு வைத்தவையும் கிடைக்கின்றன. விலை கூடுதல். பணம் இருந்தால் வாங்கலாம். அதற்காகப் பிள்ளைக்குப் பிடித்ததை விட்டுவிட்டு அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக மகனின் மூன்றாவது காரணம். டியூஷன் ஆசிரியரிடம் போனேன். கேலி செய்ததைப் பற்றிப் பேசவில்லை. மாடிப்படிக்கு அடியில் சுவரில் நான்கைந்து ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். அடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவன் கூடவே பாலம் தாண்டிப் போகும் மூன்று பையன்களின் வீட்டிலும் பேசினேன். ஒரு அப்பா சிரித்தார், இரண்டு அம்மாக்கள் உடனே சரி என்றார்கள். நான்கு பையன்களையும் ஒரே நாளில் கடைக்குக் கூட்டிப்போய் அவரவரே எடுக்கச் செய்தோம், சிரித்த அப்பாவின் மகன் உட்பட. பின்னால் சிவப்பு விளக்கு மின்னுவதை யார் கண்டுபிடித்தார்களோ, நால்வரும் வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கட்டளையை மறுபடி எடுத்தேன்: பாலத்தின் மேல் ஹெல்மெட் இல்லாமல் பார்த்தால் ஒரு வாரம் சைக்கிள் சாவி என்னிடம். இந்த முறை ஸ்கூட்டர் தேடிப் போகவில்லை. ஒருமுறை சாவி என்னிடம் வந்தது. அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் போய்விட்டு, திங்கட்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டான்.

எனவே உங்கள் பிள்ளை பன்னிரண்டுக்குள் என்றால் கட்டளையே போதும், இவ்வளவு சுற்றத் தேவையில்லை. பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குள் கூட்டாளிகள் இல்லாமல் எதுவும் நடக்காது. உங்கள் பிள்ளையிடம் பேசும் நேரத்தில் பாதியை இன்னும் இரண்டு வீட்டுப் பெற்றோரிடம் பேசச் செலவிடுங்கள். பதினாறு, பதினேழு என்றால் கூட்டம் அவ்வளவு முக்கியமில்லை, அக்கா மகள் இன்றும் அவள் வகுப்பில் தனியாகத்தான் போடுகிறாள். அந்த வயதில் காரணங்களைக் கேட்டு, கேலி செய்யாமல், ஒவ்வொன்றுக்கும் வழி பார்ப்பதுதான் பலன் தருகிறது. எந்த வயதானாலும், போய்ச் சேருகிற இடத்தில் ஹெல்மெட்டை எங்கே வைப்பார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். பள்ளியானால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிழல் இருக்கிறதா, கேபிள் பூட்டைத் துளைகளின் வழியே நுழைத்து ஹெல்மெட்டையும் சேர்த்துப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். உருண்டை வகையில் துளைகள் சின்னவை, தடித்த பூட்டு நுழையாது. நான் வாங்கியபின்தான் கவனித்தேன்.

போன வாரம் டியூஷன் பக்கம் போனபோது மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். நான் அடித்த ஆணிகள் ஆறு. நான்கில் ஹெல்மெட், ஒன்றில் ஆசிரியரின் குடை, ஒன்றில் யாருடையதோ மதியச் சாப்பாட்டுப் பை. அன்று மாலை வீட்டு வாசலில் நின்றபோது மகன் திரும்பி வந்தான். எங்கள் தெரு திரும்பியதும் ஒரு கையால் கொக்கியைத் தட்டி ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினான். வீடுதான் வந்துவிட்டதே அப்பா, வியர்க்கிறது என்றான். கறுப்பு வாங்காதே என்று அன்றே சொல்லியிருக்கலாம்.